மேற்பூச்சு

நம் விமர்சனத்தில் 'மேற்பூச்சு' ஒரு வசைச்சொல். இந்த நாவலில் தத்துவம் வெறும் மேற்பூச்சு, அந்தக் கவிதையில் படிமம் வெறும் மேற்பூச்சு என்று எழுதிவிட்டால் அதற்குமேல் நிரூபிக்க ஒன்றுமில்லை, வாசகன் தலையாட்டிவிடுகிறான். நான் எழுதியதுண்டு, இனியும் எழுதக்கூடும். உள்ளே இருப்பது சத்தியம், வெளியே பூசியது பொய் என்றொரு சித்திரம் இச்சொல்லின் பின்னால் நிற்கிறது. எந்தச் சுவரைப் பார்த்து இந்தச் சித்திரம் நமக்கு வந்தது என்பதுதான் என் கேள்வி. நெற்குப்பையில் குடியிருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருப்பது சிரமம்.

வெளியூர் நண்பர்களுக்காக: நெற்குப்பை சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர் தாலுகாவில் இருக்கிறது. 1985க்கு முன் ராமநாதபுரம் மாவட்டம். தமிழ்நாட்டை மாவட்டம் மாவட்டமாக எழுதிவைத்த சோமலெ 1921இல் பிறந்த ஊர். குப்பை என்றால் பழைய தமிழில் குவியல். நெல்லைக் குவித்த இடம். நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்கு மாற்றலாகி வருகிற ஒவ்வொரு மேலாளரும் முதல் வாரத்தில் என் ஊர்ப்பெயரைச் சொல்லி ஒருமுறை சிரிப்பார். விளக்குவதை நான் நிறுத்தி வருஷங்களாகின்றன.

நகரத்தார் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளுகிறவை. ஆகவே ஊரில் வீடுகளைவிடச் சுவர்கள் அதிகம் என்று தோன்றும். பார்க்க வருகிறவர்கள் பார்ப்பது முகப்பை. சுதையில் கஜலட்சுமி, வெள்ளைக்காரச் சிப்பாய், வீட்டுக்காரரின் விலாச எழுத்துக்கள், உள்ளே போனால் பர்மாத் தேக்கு, இத்தாலிச் சலவைக்கல். புகைப்படம் எடுப்பதும் இவற்றைத்தான். 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்த பிறகு காமிராக்கள் கூடியிருக்கின்றன. நான் சொல்லவருவது யாரும் படம் எடுக்காத பக்கச் சுவரைப் பற்றி. இரண்டு வீடுகளுக்கு நடுவே சந்தில் நடந்தால் இருபுறமும் அதுதான். மழையும் வெயிலும் முழுதாகத் தாக்குகிற முகம்.

என் அய்யா கொத்தனார். அவருடைய அய்யாவும் கொத்தனார். கடைசிப் பிள்ளையான நான் ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்து வங்கிக் குமாஸ்தா ஆனேன், கரண்டியைத் தொட்டதில்லை. சுவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கேட்டது, மீதி புத்தகத்தில் படித்தது. இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை.

எங்கள் பக்கம் 'காரை' என்கிற சுண்ணாம்புச் சாந்தின் கதை இது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் 900 டிகிரி அளவில் சுட்டால் 100 கிலோவில் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். மிஞ்சுவது 56. அதில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீறும். நீற்றினதைத் தொட்டியில் தண்ணீருக்கடியில் கிடக்கவிட்டு, பிறகு மணலோடு சேர்த்துச் செக்கில் அரைப்பார்கள். வட்டமாக ஒரு காடி, அதில் உருளும் கல், இழுக்க மாடு. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை விட்டுவிட்டு அரைப்பது. சுவரில் ஏறிய பிறகு சுண்ணாம்பு, சூளையில் இழந்த அந்த 44 கிலோவைக் காற்றிலிருந்து கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. வங்கிக்காரனுக்கு இதைவிடப் பிடித்த ரசாயனம் இருக்கமுடியாது. அசல் முழுதும் வசூலாகிவிடுகிறது. தவணைக் காலம்தான் வருஷக்கணக்கு.

பூச்சு ஒன்றல்ல. மூன்று, நான்கு, ஐந்து. முதல் பூச்சு கரடுமுரடு, பெருமணல். ஒவ்வொன்றும் முந்தியதைவிட மெல்லியது, மணல் சன்னமானது, சுண்ணாம்பு கூடியது. கரட்டுப் பூச்சுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடைசிப் பூச்சுகள் ஈரத்தின்மேல் ஈரமாகப் போகவேண்டும். கடைசியில் மணலே கிடையாது. வெண்ணெயாக அரைத்த கிளிஞ்சல் சுண்ணாம்பு, மாக்கல் பொடி, முட்டை வெள்ளைக்கரு. கரண்டியாலும் கூழாங்கல்லாலும் தேய்த்துக்கொண்டே இருந்தால் முகம் தெரிகிற வழவழப்பு வரும். வளவுக்குள் தூணிலும் சுவரிலும் அப்படித் தேய்த்தார்கள். வெளிச்சுவரில் அத்தனை தேய்ப்பு இல்லை, ஆனால் முறை அதேதான். இது செட்டிநாட்டுக்கு மட்டுமே உரிய ரகசியம் என்பது ஊர்ப்பெருமை. கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டில் விட்ருவியஸ் ரோமாபுரிக் கொத்தனார்களுக்கு ஏறக்குறைய இதையே விதித்திருக்கிறார். மணலும் சுண்ணாம்பும் மூன்று பூச்சு, அதன்மேல் சலவைக்கல் தூளும் சுண்ணாம்பும் மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சன்னம்.

கவனிக்க வேண்டியது, உள் பூச்சுக்கும் வெளிப் பூச்சுக்கும் பொருள் வேறுபாடு இல்லை என்பது. செங்கலை இணைப்பதும் சுண்ணாம்பு, மேலே மின்னுவதும் சுண்ணாம்பு. எது சுவர், எது பூச்சு என்று வெட்டிக் காட்டினால்தான் தெரியும். 'மேற்பூச்சு' என்று நாம் திட்டுகிற பொருளை இந்தச் சுவரில் தேடினால் கிடைக்காது.

ரஸ்கின் இதில் நிதானமாக இருந்திருக்கிறார் என்று சொல்லவேண்டும். கட்டடத்தின் ஒழுக்கத்தைப் பற்றி அவர் அளவுக்குக் கோபப்பட்டவர்கள் குறைவு. அவர்கூட 1849இல் எழுதிய 'ஏழு விளக்குகள்' நூலில் செங்கலைச் சாந்தால் மூடுவதைப் பொய் என்று சொல்லவில்லை. அந்தச் சாந்தில் கோடு கிழித்துக் கல் அடுக்கு மாதிரிக் காட்டுவதுதான் பொய் என்றார். (எங்கள் ஊரில் அப்படிக் கோடு கிழித்த முகப்புகளும் உண்டு, ரஸ்கின் நெற்குப்பைக்கு வராதது இருதரப்புக்கும் நல்லது.) அவருக்குப் பின்னால் வந்த பாதிரிமாரும் பொறியாளர்களும்தான் உண்மையைக் கண்டுபிடிக்கிற ஆவேசத்தில் பழைய தேவாலயங்களின் பூச்சைச் சுரண்டிக் கல்லைக் காட்டினார்கள். அதை எதிர்த்து வில்லியம் மாரிஸ் 1877இல் ஒரு சங்கம் வைத்தார். சுரண்டல் எதிர்ப்புச் சங்கம் என்று அதற்குச் செல்லப்பெயர். தமிழில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற இன்னொரு அர்த்தமும் மாரிஸுக்குச் சம்மதமாகவே இருந்திருக்கும்.

இந்தச் சுரண்டல் இப்போது இங்கேயும் வந்துவிட்டது. பழைய வீட்டை விடுதியாக மாற்றுகிறவர்கள் ஓரிடத்தில் காரையைக் கொத்தி உரித்து, செங்கலை அப்படியே விட்டு, அதன்மேல் ஒரு விளக்கையும் போட்டுவிடுகிறார்கள். வெளிப்படையாக இருக்கிறதாம். அந்தச் செங்கல் பார்க்கப்படுவதற்காக அடுக்கப்பட்டதல்ல. இணைப்பு ஒழுங்கில்லை, முகம் வார்த்ததில்லை, மழை பட்டால் குடிக்கும். உடம்புத் தோலை உரித்துவிட்டு உண்மையான மனிதனைக் காட்டுகிறேன் என்பது போன்ற ரசனை. நம் கதைகளிலும் சிலர் இதைச் செய்கிறார்கள், பெயர் சொல்ல வேண்டாம்.

இன்னொரு கதையையும் இங்கே கழற்றிவைக்க வேண்டும். காரை பூசினால் வீடு ஏ.சி. மாதிரிக் குளிரும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். வெப்பத்தைக் கடத்துவதில் சுண்ணாம்புப் பூச்சுக்கும் சிமெண்ட் பூச்சுக்கும் சொல்லிக்கொள்கிற அளவுக்கு வித்தியாசமில்லை. ஓரங்குலப் பூச்சு எந்த வெயிலையும் தடுத்துவிடாது. அந்த வீடுகள் குளிர்வதற்குக் காரணம் ஒன்றரை இரண்டடிக் கனமுள்ள சுவர். நடுப்பகல் வெயில் அதற்குள் நடந்து உட்புறம் வந்து சேர இரவாகிவிடும். அப்புறம் உயரமான கூரை, வானம் பார்த்த வளவு, வருஷந்தோறும் அடித்த வெள்ளை. வெயிலின் பெரும்பகுதியை வெள்ளை திருப்பி அனுப்பிவிடுகிறது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், அங்கே வீட்டின் வெளிச்சுவர் முழுக்கத் தெர்மோகோல் பலகையை ஒட்டி, வலை பதித்து, மேலே மெல்லிசாகச் சாந்து பூசுகிறார்கள், விரலால் தட்டினால் டப்பா மாதிரிக் கேட்கிறது என்றார். 1950களின் பிற்பகுதியில் பெர்லினில் தொடங்கிய முறை. குளிர் நாட்டில் உள்ளே இருக்கிற சூட்டைக் காப்பாற்ற அது நியாயமான வழிதான். வெப்பத்தைத் தடுப்பது என்றால் அதுதான் தடுப்பு. காரையின் வேலை வேறு. அது ஈரத்தை வாங்கி ஈரத்தை வெளியே விடுகிறது. மண்ணிலிருந்து சுவரில் ஏறுகிற ஓதம் பூச்சு வழியாக ஆவியாகப் போய்விடும். சுவர் காய்ந்து நிற்கும். இந்தச் சாதாரண காரியத்தை விட்டுவிட்டு அதற்கு மந்திரசக்தி கற்பிப்பது, ஒரு நல்ல கவிதையை அதில் இல்லாத தரிசனத்துக்காகப் புகழ்வது போன்றது.

செட்டிநாடு என்ற சொல்லை வெளியூர்க்காரர்கள் சந்திப்பது இரண்டு இடங்களில்: ஓட்டல் பலகையில், சிமெண்ட் மூட்டையில். அந்தப் பெயரில் 1962இல் கம்பெனி தொடங்கி, கரூர் பக்கம் புலியூரில் ஆலை வைத்தார்கள். இதில் நான் முரண்நகை எதையும் ஏற்றிச் சொல்லவில்லை. பணம் எங்கே போகவேண்டுமோ அங்கே போனது. சிமெண்ட் வேகமான பொருள். 1,450 டிகிரியில் சுட்டு, 28 நாளில் பலத்தைக் காட்டிவிடும். சுண்ணாம்புக்கு ஊக்கம் தருகிற கருப்பட்டித் தண்ணீரைச் சிமெண்டில் ஊற்றினால் அது இறுகாமல் தடுமாறும். சர்க்கரை அதற்கு ஆகாது. ஒன்றுக்கு மருந்து மற்றதற்கு விஷம்.

இனி 2019இல் நடந்தது. முந்தைய நவம்பரில் கஜா புயலோடு வந்த காற்றிலும் மழையிலும் எங்கள் தெருவில் ஒரு வீட்டின் கிழக்குப் பக்கச் சுவரில் காரை பொதும்பி, இரண்டு மூன்று இடங்களில் விழுந்துவிட்டது. வீட்டுக்குப் பங்காளிகள் பலர். கோலாலம்பூரில் சிலர், சென்னையில் சிலர். இங்கே இருப்பது ஒரு ஆச்சி மட்டும். பங்காளிகள் பணம் அனுப்பினார்கள், கூடவே சித்திரைக்குள் முடியவேண்டும் என்ற உத்தரவும். ஆச்சி என் அய்யாவை வந்து பார்க்கச் சொன்னார்கள். அவருக்கு அப்போது 73 வயது, சாரம் ஏறுவதை நிறுத்திவிட்டார். நானும் போனேன்.

அவர் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே அந்த நீளமும் நடந்தார். நல்ல இடத்தில் 'ணங்' என்றும் விட்டுப்போன இடத்தில் 'பொத்' என்றும் கேட்டது. பொத் என்கிற இடம் நான் நினைத்ததைவிடக் குறைவு. முக்கால் சுவர் அப்படியே பிடித்திருந்தது.

"கொத்தனாரே, பழைய மாதிரியே காரை பூசிறலாமா?" என்று ஆச்சி கேட்டார்கள்.

"வேணாம் ஆச்சி. சிமிட்டியே பூசச் சொல்லுங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வழியெல்லாம் அவரோடு சண்டை. சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்டைப் பூசினால் ஓதம் வெளியேற வழியில்லாமல் உள்ளே திரும்பும், உப்புப் பூக்கும் என்று அவருக்கே நான் பாடம் எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியாதாப்பா? சுண்ணாம்ப யாரு நீத்துறது? பாக்கெட்டுல வர்ற பொடியக் கொழைச்சுப் பூசுவாக. முதப் பூச்சு காயமுன்னே ரெண்டாவதப் போடுவாக, சாரத்துக்கு வாடகை ஏறுதும்பாக. ரெண்டு மழையில வந்துரும். வந்தா சுண்ணாம்பச் சொல்லுவாக, அவசரத்தச் சொல்லமாட்டாக."

"சிமெண்டும் வந்துருமே அய்யா."

"வரட்டும். பத்து வருசத்துல பலகையாக் கழண்டு விழும். அப்ப சிமிட்டியச் சொல்லட்டும்."

காரையின் பெயரைக் காப்பாற்றுவதற்காகக் காரையையே வேண்டாம் என்று சொன்ன இந்த நிலையை அதற்குப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். இதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. அரைகுறையாக இருப்பதைவிட இல்லாமல் போவதே மேல் என்று நினைக்கிற நண்பர்கள் நம் வட்டத்திலும் உண்டு; பத்து வருஷமாக ஒரு வரி எழுதாமல் அதையே தங்கள் தரத்துக்குச் சான்றாக வைத்திருப்பவர்கள். அவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு, உடன்பாடு இல்லை. அய்யாவோடும் இல்லை. ஒரு சின்னச் சுவரையாவது யாராவது மோசமாகப் பூசிப் பழகினால்தான் கை வரும். முக்கால் சுவர் நன்றாக இருந்தது. விழுந்த கால்வாசியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு வருஷம் செலவழித்திருக்கலாம். இதை அவரிடம் சொன்னபோது, "ஒரு வருசத்துக்குக் கூலி யாரு குடுப்பா, ஒங்க பேங்கா?" என்றார். குமாஸ்தாவுக்கு இதற்குப் பதில் தெரியும். வீட்டுப் பராமரிப்புக் கடன் விண்ணப்பத்தில் வேலை முடியும் தேதி என்று ஒரு கட்டம் இருக்கிறது. காற்றிலிருந்து வாயுவைத் திரும்ப வாங்கும் வரை என்று அதில் எழுத முடியாது.

நல்ல காரையையும் சேர்த்துக் கொத்தினார்கள். மூன்று நாள் கொத்தவேண்டியிருந்தது, அவ்வளவு பிடிப்பு. பிறகு சிமெண்டும் எம்-சாண்டும், பட்டி, பிரைமர், வெயிலைக் குறைக்கும் என்று டப்பாவில் எழுதிய பெயிண்ட் இரண்டு கோட்டு. எல்லாம் சேர்த்து இருபது நாள். சந்து வெளிச்சமாகிவிட்டது. ஆறு வருஷமாகிறது இப்போது. வெளியே கீழிருந்து மூன்றடி உயரத்துக்கு பெயிண்ட் கொப்புளித்து, விரல் வைத்தால் வெள்ளையாக உப்பு ஒட்டுகிறது. இது எதிர்பார்த்தது. நான் எதிர்பாராதது உள்ளே. அதே சுவரின் உட்புறம், எண்பது வருஷமாக ஒரு கீறல் விழாத வழவழப்புப் பூச்சு, கீழே ஒரு முழ உயரத்துக்கு மங்கிப் பொடியாக உதிர்கிறது. வெளியே போகமுடியாத ஈரம் உள்ளே வந்திருக்கிறது. ஆச்சி அந்த இடத்தை மறைத்து ஒரு பெஞ்சைப் போட்டிருக்கிறார்கள்.

கூலி என்ற சொல் வந்துவிட்டதால் இதையும் எழுதவேண்டும். அந்த ஒரு வருஷத்துக்கு முன்பு யார் கொடுத்தார்கள்? கீழ்பர்மா கொடுத்தது. அங்கே 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930இல் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல், அடமானம் நிலமாக மாறிய வருஷங்கள். நெற்குவியல் என்று பெயருள்ள ஊரில் இருந்துகொண்டு இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. 1942இல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்தது, 1948இல் அங்கே நிலத்தை தேசியமயமாக்கச் சட்டம் வந்தது. இங்கே சுண்ணாம்புச் செக்குகள் நின்றன. அய்யா 1958 வாக்கில் சிறுவனாக வேலைக்குப் போனபோது புது வீடு கிடையாது, ரிப்பேர்தான். ஆகவே காத்திருக்கும் கலையை இழந்துவிட்டோம் என்று நாம் பேசும்போது, அந்தக் காத்திருப்புக்கு வட்டி கட்டிய ஐராவதி டெல்டாக் குடியானவனையும் கணக்கில் வைக்க வேண்டும். அதனால் சுவர் கெட்டுப்போய்விடாது. சுவரைப் பற்றிய நம் ஏக்கம் கொஞ்சம் கெடும், கெடட்டும்.

முட்டையைப் பற்றிக் கேட்டால் அய்யா, "நான் பாத்ததில்ல" என்பார். அவர் காலத்தில் அது நின்றுபோயிருந்தது. பார்த்தது என் அப்பத்தா. கடைசிப் பூச்சுக்கு அம்மியில் அரைத்த பெண்களில் அவளும் ஒருத்தி. வெள்ளைக்கரு சுவருக்குப் போகும், மஞ்சள்கருவை அரைக்கிற பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று விட்டார்களாம். அந்த வேலையைப் பற்றி அவள் ஞாபகம் வைத்திருந்தது அது ஒன்றைத்தான்: சட்டியில் மஞ்சள்கரு. எனக்குப் பதினொரு வயதில் அவள் இறந்தாள். விரல் நுனிகள் வழவழவென்று இருக்கும். முதியோர் பணத்துக்குக் கைநாட்டு வைத்தால் காகிதத்தில் ஒரு மைக்கறை மட்டும் விழும், ரேகை விழாது. சுண்ணாம்பு தின்றுவிட்டது. என் கவுண்டருக்கு இன்று வருகிற சித்தாள்கள் பலருக்கும் ரேகை பார்க்கும் கருவி விரலை ஏற்பதில்லை. ஈரத்துணியில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்கிறோம், அடுத்த விரலை வைக்கச் சொல்கிறோம். இவர்களுடையது சிமெண்ட் தின்றது. வீட்டின் முகப்பில் சுதையில் இருக்கிற எழுத்துக்கள் வீட்டுக்காரருடைய விலாசம்.

அந்த வீட்டுப் பின்வாசலில் சுண்ணாம்புச் செக்கின் காடியும் உருளைக் கல்லும் கிடந்தன. போன வருஷம் பங்காளிகளில் ஒருவர் வந்திருந்தபோது கல்லை விற்றுவிட்டார். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைக்குப் போய், அங்கிருந்து ஏதோ ஓட்டலுக்குப் போனதாகக் கேள்வி. நான் அய்யாவிடம் சொன்னேன்.

"காடியையும் எடுத்துட்டுப் போனாகளா?"

"இல்லை. கல்லை மட்டும்."

"காடி இல்லாம அந்தக் கல்ல வச்சு என்ன செய்வாக?"

"தோட்டத்தில் நிறுத்துவார்கள்."

"நிறுத்தி?" என்றார்.